வருவோம், வரமாட்டோம், பார்க்கலாம்

என் தங்கையின் கல்யாணத்துக்கு எத்தனை இலை போட வேண்டும் என்று கண்டுபிடிக்கிற வேலையை என்னிடம் கொடுத்தார்கள். ஆனி மாதக் கல்யாணம். செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில் மண்டபம். சமையல்காரர் வந்து, பத்து நாளைக்கு முன்பே கணக்குச் சொல்லிவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

நான் அப்போது பத்து மாதக் குழந்தையோடு அம்மா வீட்டில் இருந்தேன். கணவருக்குச் சென்னைக்கு வெளியே ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டுப் போவார். வீட்டிலேயே எம்.காம். வரை படித்தவள் நான்தான், வேலைக்குப் போகாமல் சும்மா இருப்பவளும் நான்தான். சும்மா என்பது மற்றவர்கள் சொன்ன வார்த்தை. குழந்தைக்குப் பல் முளைத்துக்கொண்டிருந்தது. இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது.

மறுக்கவும் முடியவில்லை. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். மூன்று வருடத்துக்கு முன் என் கல்யாணத்தில் மூன்றாவது பந்திக்குச் சாம்பார் தீர்ந்துபோனது. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் இலையில் வெறும் சோற்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நைனா மண்டபத்து மாடிப்படியில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் மணமேடையிலிருந்தே பார்த்தேன். அதனால் அவர், "இந்த வாட்டி நீ பாத்துக்கம்மா" என்று சொன்னபோது தலையாட்டிவிட்டேன்.

முதலில் எனக்குத் தோன்றியது பத்திரிகையிலேயே ஒரு வரி சேர்ப்பது. வருகையை முன்கூட்டித் தெரிவிக்கவும் என்று போட்டு, கீழே என் போன் நம்பர். அச்சகக்காரர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அதை இரண்டு தடவை படித்தார்.

"மெட்ராஸ்ல இங்கிலீஷ் பத்திரிகைல போடுவாங்கம்மா. நம்ம ஊர்ல போட்டா, வாங்கறவங்க பத்திரிகைய உங்க கைலயே திருப்பிக் குடுத்துடுவாங்க."

அம்மா அதைவிடச் சுருக்கமாகச் சொன்னாள். "சோத்துக்குக் கணக்கு பாக்கறாங்கன்னு ஊரே பேசும். அந்த வரி வேணாம்."

தங்கை, கல்யாணப் பெண், தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே, "கூடவே சாம்பாரா ரசமான்னும் கேட்டுடுக்கா" என்றாள். அவளுக்கு எல்லாமே சிரிப்பு. அந்த வரி இல்லாமலே பத்திரிகை அச்சாகி, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து நைனாவும் அம்மாவும் வீடு வீடாகப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

அடுத்து போன். பத்திரிகை கொடுத்த வீடுகளை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, குழந்தை தூங்குகிற நேரம் பார்த்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். வருவீர்களா என்று நேராகக் கேட்க வாய் வரவில்லை. பத்திரிகை கிடைத்ததா, உடம்பு எப்படி இருக்கிறது, மழை உண்டா என்று சுற்றி வளைத்து அங்கே போய்ச் சேர்வேன். பதில் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். "வராம எங்க போவோம்?" பனமலையில் இருக்கும் நைனாவின் பங்காளி வீட்டில் அப்படிச் சொன்னார்கள். சீயமங்கலத்தில், இடுப்பு எலும்பு உடைந்து மூன்று மாதமாகப் படுக்கையில் இருக்கும் பெரியம்மாவும் அப்படியே சொன்னாள். எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று யாரும் வாயால் சொல்லமாட்டார்கள். அது அமங்கலம். வராமல் இருந்துவிடுவார்கள், அவ்வளவுதான். ஒரு சித்தி மட்டும், "ஏம்மா, சோறு பத்தாதுன்னு பயமா இருக்குதா?" என்று கேட்டாள். எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல்தான் கேட்டாள். நான் அன்று அதற்கு மேல் யாரையும் கூப்பிடவில்லை.

இதை ஞாயிற்றுக்கிழமை வந்த கணவரிடம் சொன்னேன். அவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தபடியே, "இதுக்கு ஏன் இவ்ளோ டென்ஷன்? உங்க வாட்ஸ்அப் பேமிலி குரூப்ல ஓட்டெடுப்பு மாதிரி ஒரு போல் போட்டுடு. அமுக்கறவங்க அமுக்கட்டும். எங்க கம்பெனில டூர் போறதுக்கு அப்படித்தான் கேப்பாங்க" என்றார்.

அது நல்ல யோசனை மாதிரித்தான் இருந்தது. யாரும் யாரிடமும் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் குடும்ப குரூப்பில் அறுபது எழுபது பேர் இருந்தார்கள். வீட்டுக்கு ஒருவர் அமுக்கினால் போதும். மூன்று நாள் யோசித்தேன். வாசகத்தை எழுதி எழுதி அழித்தேன். வருவீர்களா என்பது கறாராக இருந்தது. தங்கள் வருகையை எதிர்நோக்கி என்று தொடங்கினால் பத்திரிகை மாதிரி இருந்தது. கடைசியில், அன்பான உறவுகளே, கல்யாண ஏற்பாட்டுக்காக ஒரு சின்ன உதவி என்று எழுதி, கீழே மூன்று பதில் வைத்தேன். வருவோம். வரமாட்டோம். பார்க்கலாம். மூன்றாவதை, யாருக்கும் சங்கடம் வேண்டாமே என்று நானாகச் சேர்த்தேன்.

இதில் எனக்கு ஒரே ஒரு சந்தேகம் இருந்தது. அது மாமாவைப் பற்றியது. அம்மாவின் அண்ணன். அனந்தபுரத்தில் இருக்கிறார். பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டியவர் தாய்மாமன். அவர் கட்டாமல் தாலி ஏறாது. பத்திரிகையில் எங்கள் பெயர்களுக்கு மேலேயே அவர் பெயர் இருந்தது. அவரும் அந்தக் குரூப்பில் இருந்தார். அவரை விட்டுவிட்டுப் புதிதாக ஒரு குரூப் தொடங்கலாமா என்று நினைத்தேன். தொடங்கினால், என்னை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள் என்று வருமே என்றும் நினைத்தேன். போட்டுவிட்டு அவருக்குத் தனியாக ஒரு போன் செய்து, மாமா, இது உங்களுக்கு இல்லை என்று சொல்லலாம் என்று தோன்றியது. அதைத்தான் செய்திருக்க வேண்டும். ஆனால் போட்ட உடனே குழந்தை எழுந்துகொண்டது. எழுந்த வேகத்திலேயே வாந்தி எடுத்தது. பாயைக் கழுவி, அவளைக் குளிப்பாட்டி, சட்டை மாற்றி, மறுபடி போனை எடுத்தபோது ஒன்றரை மணி நேரம் ஓடிவிட்டிருந்தது.

குரூப் கலகலப்பாக இருந்தது. வேலூரில் இருக்கும் ஒரு அண்ணன் மூன்றையும் அமுக்கியிருந்தார். ஒரு அக்கா தவறுதலாக வரமாட்டோம் என்பதை அமுக்கிவிட்டு, "ஐயோ கை பட்டுடுச்சு, கை பட்டுடுச்சு, நாங்க வருவோம்" என்று ஐந்து முறை குரல் பதிவு அனுப்பியிருந்தாள். அதற்கு யாரோ, "ரெண்டு வடை வேணும்னா ரெண்டு வாட்டி அமுக்கணுமா?" என்று கேட்டிருந்தார்கள். எனக்கே சிரிப்பு வந்தது. இதற்குப் போயா மூன்று நாள் பயந்தேன் என்று நினைத்துக்கொண்டு விரலால் கீழே தள்ளினேன். வடைக்கு அடுத்ததாக, சாம்பல் நிறத்தில், சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. மாமா குரூப்பைவிட்டு வெளியேறியிருந்தார்.

நைனா கூப்பிட்டார். மாமா போனை எடுக்கவில்லை. அம்மா கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாள் மாமாவின் மனைவி, எங்கள் அத்தை, எடுத்து, "அவரு கொல்லைக்குப் போயிருக்காரு" என்று வைத்துவிட்டாள். எங்கள் பக்கத்தில் கொல்லை என்றால் வயல்.

அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அடுப்படியில் நின்றுகொண்டு, எனக்கு முதுகைக் காட்டியபடி, "அண்ணன் வரலன்னா பட்டம் யாரு கட்டுவா?" என்று ஒரு தடவை கேட்டாள். பிறகு, "எங்கப்பா போனதுக்கு அப்புறம் எனக்குப் பொறந்த வீடுன்னு இருக்கறது அந்த ஒரு மனுசன்தான்" என்றாள். அன்று அவள் சாப்பிடவில்லை. தங்கையும் சிரிப்பதை நிறுத்தியிருந்தாள்.

நான் போகிறேன் என்றேன். அதிலும் குழப்பம். தாம்பாளத்தோடு போவதா, வெறுங்கையோடு போவதா? தாம்பாளம் வைத்தால், முதலில் வைத்தது செல்லாது என்று நாங்களே சொன்ன மாதிரி ஆகும் என்றாள் அம்மா. வெறுங்கையோடு போனால் அத்தை ஏதாவது சொல்வாள். கடைசியில் ஒரு சீப்பு வாழைப்பழம் மட்டும் எடுத்துக்கொண்டேன். நீயும் வாயேன் என்று அம்மாவைக் கூப்பிட்டதற்கு, "நான் வந்தா அழுதுடுவேன். எங்க அண்ணி எதிர்ல நான் அழமாட்டேன்" என்றாள்.

டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கத்திரி முடிந்தும் வெயில் இறங்கவில்லை. குழந்தை என் மடியில் நெளிந்துகொண்டே வந்தது. என்ன பேச வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். மன்னிச்சிடுங்க மாமா என்று தொடங்கினால், தப்பு என்று ஒப்புக்கொண்டதாகும். தப்புதானே? ஆனால் எது தப்பு என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியவில்லை. எல்லோரிடமும் கேட்டது தப்பா, அவரிடம் கேட்டது தப்பா, போனில் கேட்டது தப்பா? அனந்தபுரம் வரும்போது எனக்குத் தலைவலி வந்திருந்தது.

அத்தை கூடத்தில் உட்கார்ந்து விதைக்கடலைக்காக மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் முறத்தை நகர்த்தி வைத்தாள்.

"வாம்மா, வா. எத்தினி பேரு வந்திருக்கீங்க? ஒண்ணா, ஒண்ணரையா? முன்னாடியே சொன்னாத்தான சோறு வடிக்க முடியும்?"

நான் சிரிக்க முயன்றேன். அத்தை சிரிக்கவில்லை. ஆனால் குழந்தையை வாங்கிக்கொண்டாள். "இன்னாடி, பல்லு வந்துடுச்சா உனக்கு? சாப்பிட வருவியா, வரமாட்டியா? பாக்கலாமா?" என்று அதனிடமும் கேட்டாள். குழந்தை அவள் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தது.

மாமா கொல்லையிலிருந்து வந்து, கை கால் கழுவிக்கொண்டு, என்னைப் பார்த்து, "வந்தியா" என்றார். எனக்கு எதிரில் உட்காராமல், வாசல் பக்கம் பார்த்து நாற்காலியைப் போட்டுக்கொண்டார். நான் பஸ்ஸில் ஒத்திகை பார்த்தது எதுவும் நினைவுக்கு வரவில்லை.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க" என்றேன்.

"எனக்குக் கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல."

"உங்கள கேக்கல மாமா. அது எல்லாருக்குமா சேத்துப் போட்டது."

"அதான்." ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "எல்லாருக்கும் போட்ட. அதுல நானும் ஒருத்தன். அது எனக்குத் தெரியாமப் போச்சு, இப்ப தெரிஞ்சிகிட்டேன்."

என் கல்யாணத்தில் சாம்பார் தீர்ந்துபோனதையும், நைனா மாடிப்படியில் உட்கார்ந்திருந்ததையும், அதற்காகத்தான் இந்தக் கணக்கு என்பதையும் கோர்வையில்லாமல் சொல்லி முடித்தேன். அவர் இப்போதுதான் என் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பந்தில வாளியத் தூக்கினு நின்னது யாரு? தயிரு வருது, தயிரு வருதுன்னு அவங்க காலப் புடிக்காத குறையா சொல்லினு இருந்தது யாரு? உங்க நைனா படில உக்காந்துட்டாரு. நான் எங்க உக்காந்தேன்?"

எனக்கு அது தெரியாது. நான் அன்று மேடையில் இருந்தேன். நைனாவின் முகத்தை மட்டும்தான் பார்த்தேன். மூன்று வருடமாக அந்த நாளை நினைக்கும்போதெல்லாம் நைனாவைத்தான் நினைத்திருக்கிறேன். வாளியோடு நின்றவரைப் பற்றி ஒரு தடவையும் யோசித்ததில்லை. அழுகை வந்தது. தூக்கமில்லாத கண்ணில் அது எரிந்தது. மாமா எழுந்து, "சாப்டுட்டுப் போ" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கொல்லைப் பக்கம் போய்விட்டார். வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அத்தை போட்ட சோற்றைச் சாப்பிட்டேன். அவள் பஸ் ஏற்றிவிட வந்தாள். பஸ் தூரத்தில் வரும்போது, குழந்தையை என்னிடம் கொடுத்துக்கொண்டே, "பட்டத்துக்குச் சொல்லி வச்சாச்சு. புடவையும் எடுத்தாச்சு. அதெல்லாம் கொறை வைக்கமாட்டாரு" என்றாள். எனக்கு மூச்சு வந்தது. அவள் அதோடு நிறுத்தவில்லை. "ஆனா கை நனைப்பாருன்னு சொல்ல முடியாது. அந்த மனுசன் அப்படித்தான்."

கல்யாணத்துக்கு வந்து, செய்ய வேண்டியதை எல்லாம் செய்து, இலையில் உட்காராமல் போவது. வராமல் இருப்பதைவிடப் பெரிய தண்டனை அது. வராதவருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். வந்தவர் சாப்பிடாமல் போனால், அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் இனி ஒன்றும் இல்லை என்று அர்த்தம். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் முதல் பாதியை மட்டும் சொன்னேன். அவள் அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள். அவள் சாப்பிடுவதைப் பார்க்க எனக்குத்தான் முடியவில்லை.

சமையல்காரர் மறுபடி வந்தார். குரூப்பில் வந்த பதில்களையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு அவர் முன் உட்கார்ந்தேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. எத்தனை பத்திரிகை அடித்தீர்கள், அன்றைக்கு ஊரில் வேறு எத்தனை முகூர்த்தம், மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் வேன் வைக்கிறார்களா பஸ்ஸில் வருகிறார்களா என்று மூன்று கேள்வி கேட்டார். மேலே பார்த்து ஒரு எண்ணைச் சொன்னார். நைனா சரி என்றார். அவ்வளவுதான். அதற்குள் தேநீர்கூட ஆறவில்லை.

கல்யாணத்தன்று மாமா விடியற்காலையிலேயே சீர்வரிசையோடு வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, புதுத் துண்டு. மேடையில் ஏறித் தங்கையின் நெற்றியில் பட்டம் கட்டினார். விரல்கள் தடித்தவை என்பதால் முடிச்சு விழக் கொஞ்ச நேரமானது. அம்மா பக்கத்தில் நின்று அழுதாள். யார் என்ன நினைத்தாலும் எனக்கு அப்போதே மண்டபத்திலிருந்து போய்ப் படுத்துவிடலாம் போல இருந்தது.

சாப்பாட்டுக் கூடத்து வாசலில், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். முதல் பந்தியில் மாமா இல்லை. அது சரி, வீட்டு மனுஷர் முதல் பந்தியில் உட்காரமாட்டார். இரண்டாவதில் அத்தையும் அவர்கள் வீட்டு மருமகளும் உட்கார்ந்தார்கள். மாமா வெளியே, வண்டிகள் நிற்கும் இடத்தில் யாரையோ வழியனுப்பிக்கொண்டிருந்தார். மூன்றாவது பந்தியில் எல்லாம் இருந்தது. சாம்பார், வடை, இரண்டு பாயசம். நைனா ஒவ்வொரு இலையாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். நான் கூடத்தைப் பார்க்கவில்லை. வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணன் சாப்டுச்சா?" என்று அம்மா கேட்டாள். இல்லை என்றேன். பட்டுப்புடவையோடு அங்குமிங்கும் ஓடிவிட்டு வந்து மறுபடி கேட்டாள். மூன்றாவது தடவை அவள் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, சுவரோரம் போய் நின்றுகொண்டாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

கடைசிப் பந்தி. பரிமாறுகிறவர்களே உட்காரும் நேரம். போய், மாமா சாப்பிட வருகிறீர்களா என்று கேட்கலாம். அதுவும் ஒரு கேள்விதான். வரவில்லை என்று அவர் சொல்லிவிட்டால், சொன்னது சொன்னதுதான். அம்மாவை அனுப்பலாம். அவள் அங்கே எல்லோர் முன்னிலும் அழுவாள். யோசித்து யோசித்து நின்றதில் பாதி இலைகள் நிரம்பிவிட்டன. குழந்தையைத் தரையில் விட்டுவிட்டு, ஓரத்து மேஜையில் நானே இரண்டு இலை போட்டேன். தண்ணீர் தெளித்துத் துடைத்தேன். உப்பு, ஊறுகாய், இனிப்பு, பொரியல், வடை எல்லாம் வைத்தேன். சோறும் போட்டுச் சாம்பாரும் ஊற்றிவிட்டேன். ஆள் உட்காராத இலையில் சோறு போடக் கூடாது என்று பரிமாறுகிறவர் தடுத்தார். கேட்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன்.

மாமா வேப்பமரத்தடியில் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"மாமா, இலை போட்டாச்சு. சோறு ஆறுது."

"யாருக்கு?"

"உங்களுக்கும் அம்மாவுக்கும்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மண்டபத்துப் பக்கம் பார்த்தார். "அவ இன்னும் சாப்பிடலயா?" என்றார்.

"இல்ல மாமா."

"காலைலேர்ந்தா? சக்கரை இருக்கற பொம்பள. இன்னா புள்ள நீ, பாத்துக்கமாட்ட?"

செருப்பைக் கழற்றிவிட்டு எனக்கு முன்னால் நடந்தார். சுவரோரம் நின்றவளைப் பார்த்து, "வா, வந்து உக்காரு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அம்மா உட்கார்ந்தாள். அவரும் உட்கார்ந்தார். இனிப்பைத் தொடவில்லை. சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். நான் கூட்டைக் கொண்டுபோனபோது என்னை நிமிர்ந்து பார்க்காமல் இலைக்கு மேலே கையை நீட்டி, போதும் என்று காட்டினார். ரசத்துக்கு அப்படிக் கை காட்டவில்லை, வாங்கிக்கொண்டார். அது கோபம் தீர்ந்ததா, அம்மாவுக்காகச் சாப்பிட்டதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதன் பிறகு அவர் என்னிடம் பேசுகிறார். முன்பு பேசின அளவுக்கா என்று கேட்டால், யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

அவர்கள் எழுந்ததும் எதிர் வரிசையில் போய் உட்கார்ந்தேன். குழந்தை என் மடியிலேயே தூங்கிவிட்டது. ஒரு கையால் அதன் தலையைத் தாங்கிக்கொண்டு மறு கையால் ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டேன். ருசி எதுவும் தெரியவில்லை. கை கழுவும் இடத்தில் அந்த அண்ணனும் தங்கையும் நெடுநேரம் நின்றுகொண்டிருந்தார்கள். குழாய் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மாமா ஏதோ சொன்னார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என்ன பேசினீர்கள் என்று நான் அம்மாவிடம் கேட்கவில்லை.